பத்து நாற்பதுக்கு வரும் மேடு

அவளுக்கு அந்தப் பெயர் வந்தது ஏழாம் வகுப்பில். ஜியோமெட்ரி பெட்டி கைக்கு வந்ததும் மற்றப் பிள்ளைகள் காம்பஸை எடுத்துப் பெஞ்சில் பெயர் கீறினார்கள். இவள் கோணமானியை எடுத்துக்கொண்டு வீடு முழுக்க அளந்தாள். கதவு எத்தனை டிகிரி திறக்கிறது, அப்பா நாற்காலியில் எத்தனை டிகிரி சாய்கிறார், கோபம் வந்தால் அக்கா கழுத்தை எத்தனை டிகிரி வெட்டுகிறாள், எல்லாம் நோட்டில் ஏறியது. கழுத்தை அளக்கவிட்ட அக்காதான் முதலில் "கோணமானி" என்று கூப்பிட்டாள். கோபத்தில் அவ்வளவு நீளமான பெயரைச் சொல்ல நேரம் இல்லாததால் அது "கோணி" ஆகிவிட்டது. ஒரு மாதத்துக்குள் தெருவுக்கே அவள் கோணி. பெண் பிள்ளைக்கு ஏன் சாக்குப் பையின் பெயர் என்று விருந்தாளிகள் கேட்பார்கள். விளக்கம் சொல்ல யாருக்கும் பொறுமை இருக்கவில்லை.

அப்பா தச்சர். கதவும் ஜன்னலும் செய்து விற்பவர். ஒருநாள் வண்டியில் ஏற்றத் தயாராக நின்ற புதுக் கதவு நிலையில் கோணி தன் பிளாஸ்டிக் சாமானை வைத்துப் பார்த்துவிட்டு, "அப்பா, ரெண்டு டிகிரி இருக்குப்பா" என்றாள்.

அப்பா அவள் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தார். "காய்ச்சல் மாதிரி தெரியலயே."

"எனக்கில்லப்பா. நிலைக்கு."

அப்பா மூலைமட்டத்தை எடுத்து வைத்துப் பார்த்தார். அப்புறம் ஆப்பைத் தட்டிக் கழற்றினார். அதற்குப் பிறகு எந்தக் கதவு பட்டறையை விட்டுப் போனாலும், "கோணி, வந்து ஜுரம் பாரும்மா" என்று குரல் வரும்.

கல்லூரியில் அவள் இயற்பியலில் விழுந்ததும் இந்தக் கோணத்தால்தான். ஒரு திடப்பொருளுக்குள் அணுக்கள் எப்படி உட்கார்ந்திருக்கின்றன என்று கண்ணால் பார்க்க முடியாது, எதையாவது எறிந்து அது எந்தக் கோணத்தில் திரும்பி வருகிறது என்று பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றார் வாத்தியார். கடைசி பெஞ்சில் தூங்கி வழிந்துகொண்டிருந்த கோணி எழுந்து நின்று, "கோணமா சார்?" என்று கேட்டாள். அன்றைக்கு எழுந்தவள், ஆராய்ச்சிப் பட்டம் வாங்கும்வரை உட்காரவில்லை என்று அக்கா சொல்வாள்.

பட்டம் வாங்கிய கையோடு கல்யாணம். மாப்பிள்ளை கால்நடை மருத்துவர், யாருக்கு என்ன வேண்டும் என்று ஓடிப்போய் உதவுகிற சுபாவம். கல்யாண மண்டபத்தில் பெண்ணின் அம்மா, "கோணி எங்க, நேரமாச்சு" என்று பதறியது அவர் காதில் விழுந்தது. மாப்பிள்ளைக் கோலத்திலேயே சமையல்கட்டுக்குப் போய், உருளைக்கிழங்கைத் தரையில் கொட்டிவிட்டு, காலிச் சாக்கை மடித்துக் கொண்டுவந்து மாமியார் கையில் கொடுத்தார். மாமியார் அதை வாங்கி வைத்துக்கொண்டார். வேறு என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

வீட்டு வாசலில் இரண்டு பெயர்ப் பலகைகள் தொங்கின. இரண்டிலும் டாக்டர். அதனால் வந்த குழப்பம் கொஞ்சநஞ்சமில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை இருமுகிற கிளியோடு ஒரு அம்மா வந்தார்.

"அவர் வெளிய போயிருக்காரு" என்றாள் கோணி.

"நீங்களும் டாக்டர்தானே?"

"நான் நியூட்ரான் டாக்டர்ங்க."

அந்த அம்மா கூண்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு யோசித்தார். "அது கிளியவிடப் பெரிசா, சின்னதா?"

"ரொம்ப ரொம்பச் சின்னது."

"அப்போ உங்களுக்கு நல்ல பார்வை இருக்கும். இதோட தொண்டைய மட்டும் பாத்துச் சொல்லுங்க."

கோணி பார்த்தாள். தொண்டை சிவப்பாக இருந்தது. அப்படியே சொன்னாள். கிளி அவள் விரலைக் கடித்தது. இரண்டு பேரும் திருப்தியாகப் போனார்கள்.

கோணிக்கு வேலை கிடைத்தது ஊருக்கு வெளியே புதிதாகக் கட்டியிருந்த அணு உலையில். உலை என்றால் நாலாள் உயரக் கான்கிரீட் சுவர். சுவரில் வரிசையாக ஓட்டைகள். குழாயைத் திறந்தால் தண்ணீர் வருவதுபோல ஓட்டையின் மூடியைத் திறந்தால் நியூட்ரான் வரும். அதை ஒரு படிகத்தின் மேல் விட்டால், கேரம் போர்டில் ஸ்டிரைக்கர் காய்களில் மோதித் தெறிப்பதுபோல நாலா பக்கமும் சிதறும். எந்தக் கோணத்தில் எத்தனை வருகிறது, மோதுவதற்கு முன்பு இருந்த வேகம் கூடியதா குறைந்ததா என்று பார்த்தால், காய்கள் எங்கே இருந்தன, சும்மா இருந்தனவா, ஆடிக்கொண்டிருந்தனவா என்று சொல்லிவிடலாம். வித்தியாசம் ஒன்றுதான். இங்கே காயையும் பார்க்க முடியாது, ஸ்டிரைக்கரையும் பார்க்க முடியாது. அந்த வட்டாரத்தில் இந்த வேலையை அதுவரை யாரும் செய்ததில்லை.

நல்ல ஓட்டைகளை எல்லாம் முன்னால் சேர்ந்தவர்கள் பிடித்துக்கொண்டார்கள். கழிப்பறைக்குப் போகும் வழியில் மூலையில் இருந்த ஏழாம் நம்பர் ஓட்டைதான் மிச்சம். இயக்குநரிடம் போய் ஓட்டை கேட்டாள், கொடுத்தார். கருவி கேட்டாள்.

"முயற்சி பண்ணுங்க" என்றார்.

அவர் எல்லாவற்றுக்கும் அதைத்தான் சொல்வார். மின்விசிறி ஓடவில்லை என்றாலும் முயற்சி பண்ணுங்க, மனைவிக்குப் பிரசவம், லீவு வேண்டும் என்றாலும் முயற்சி பண்ணுங்க. முதுகுக்குப் பின்னால் அவர் பெயர் முயற்சி சார்.

கோணிக்குத் துணையாக ஒரு ஃபிட்டரைக் கொடுத்தார்கள். அவள் வயதுதான் இருக்கும். எந்த இரும்பையும் வளைத்துவிடுவார், ஆனால் எதன் மேலும் நம்பிக்கை கிடையாது. வரைபடத்தை நீட்டினால் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஓடாது மேடம்" என்பார். அப்புறம் அதைச் செய்து ஓடவைப்பார். ஓடும்போதும் முகம் மலராது.

வேண்டியது ஒரு பெரிய சுழல் மேசை. இரண்டு டன் எடையைத் தாங்க வேண்டும், அதே நேரம் ஒரு விரலால் தள்ளினால் ஒரு டிகிரி மட்டும் நகர வேண்டும். மூன்று மாதம் தேடினார்கள். கடைசியில் ஒருநாள் ஃபிட்டர், "கெடைச்சிருக்கு. சரிப்படாது. இருந்தாலும் வந்து பாருங்க" என்று அவளைக் கண்காட்சித் திடலுக்குக் கூட்டிப்போனார். அங்கே குதிரைகள் கழற்றப்பட்ட ஒரு குடைராட்டினம் மொட்டையாக நின்றது. கோணி அதன் விளிம்பை ஒரு விரலால் தள்ளினாள். சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போய் நின்றது. அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

ராட்டினக்காரர் அதன் அடிப்பாகத்தைக் கொடுக்கச் சம்மதித்தார். ஒரே ஒரு நிபந்தனை. "பொருத்தி முடிச்சதும் மொதல்ல நான்தான் ஏறுவேன். இருபது வருஷமா எல்லாரையும் சுத்த விட்டேன். நான் ஒரு தடவகூட ஏறல."

உலை ஓடாத ஒரு நாளில், மேசையைப் பொருத்திக் கோணங்களைக் குறித்த பிறகு, அவரை வரவழைத்தார்கள். பின்னால் நியூட்ரானை எண்ணும் கருவி வரவேண்டிய இடத்தில் அவர் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார். ஃபிட்டர் டிகிரி டிகிரியாகத் தள்ளினார். எழுபதாவது டிகிரியில் முயற்சி சார் நாலு அதிகாரிகளோடு உள்ளே வந்தார். ராட்டினக்காரர் அவருக்குக் கை காட்டினார்.

"இவர் யாரு?" என்றார் முயற்சி சார்.

ஃபிட்டர் திரும்பாமலே, "எடை சார். எடை வச்சுப் பாக்கறோம்" என்றார்.

முயற்சி சார் தலையசைத்தார். "முயற்சி பண்ணுங்க."

அடுத்தது மறைப்புச் சுவர். வழிதவறி வரும் நியூட்ரானைத் தடுக்க மெழுகும் போரிக் பவுடரும் கலந்து கட்டிகளாக வார்த்து அடுக்க வேண்டும். மாட்டுத் தீவனம் காய்ச்சும் பெரிய அண்டா ஒன்றைக் கணவர் கொண்டுவந்து கொடுத்தார். ஒரு மாதம் கோணி மெழுகு காய்ச்சினாள். தலைமுடி எல்லாம் மெழுகுவர்த்தி வாசனை. ஆனால் எவ்வளவு பவுடர் வாங்கி வைத்தாலும் மறுநாள் குறைந்திருந்தது. கேரம் போர்டுக்கு அதைவிட வழுக்கலான பவுடர் கிடையாது என்று ஊழியர்களின் ஓய்வறையில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அந்த வருடம் நிறுவனத்தின் கேரம் அணி எல்லாப் போட்டியிலும் ஜெயித்தது. கோணியின் சுவரில் சில கட்டிகள் சற்று வலுவில்லாமல் போயின.

ஒருவழியாகச் சோதனை தொடங்கியது. தினமும் காலை சரியாக ஒன்பது மணிக்கு இருபத்துநாலு டிகிரியில் ஆரம்பம். ஒரு கோணத்தில் பத்து நிமிடம் எண்ணுவது, எழுதிக்கொள்வது, ஃபிட்டர் ஒரு டிகிரி தள்ளுவது, மறுபடி பத்து நிமிடம். மூன்று வாரம் இப்படிப் போனது. எண்களைக் கட்டம் போட்ட தாளில் புள்ளி வைத்துச் சேர்த்தால், தட்டையாகப் போக வேண்டிய இடத்தில், முப்பத்துநாலு டிகிரியில் ஒரு மேடு. கோணி புள்ளிகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள். மறுநாளும் மேடு. அதற்கு மறுநாளும். எந்தக் கணக்கிலும் வராத மேடு.

சாப்பாட்டு மேசையில் அவள் சோற்றை மேடு கட்டி அளைந்துகொண்டிருந்ததைக் கணவர் கவனித்தார். "என்ன, உடம்பு சரியில்லையா?"

"ஏங்க, நான் ஏதோ கண்டுபிடிச்சுட்டேன்னு நெனைக்கறேன்."

"நல்ல விஷயம்தானே? ஏன் திருடுனவ மாதிரி முழிக்கற?"

"என்னன்னு தெரியலயே."

"எங்கிட்ட வர்ற மாடும் அப்படித்தான். என்னன்னு சொல்லாது. பக்கத்துலயே உக்காந்து பாத்துட்டிருந்தா தானா தெரிஞ்சுடும்" என்றார் அவர்.

அந்த நல்ல யோசனையை அவள் அப்போது காதில் வாங்கவில்லை. நேராக முயற்சி சாரிடம் போய்த் தாளைக் காட்டினாள். அவர் மேட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். எழுந்து நின்றார். வாழ்க்கையில் முதல்முறையாக, "முடிச்சுட்டீங்க" என்றார். வெள்ளிக்கிழமை கூட்டம் போட்டு எல்லோருக்கும் அறிவிப்பது என்று முடிவானது. வெளியூர்ப் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு மீசைப் பேராசிரியரையும் அழைத்துவிட்டார்.

புதன்கிழமை ஃபிட்டரின் சைக்கிள் பஞ்சராகிவிட்டது. அவர் ஒரு மணி நேரம் தாமதம். பத்து மணிக்கு ஆரம்பித்தார்கள். அன்றைக்கு மேடு இருபத்தெட்டு டிகிரியில் வந்தது.

கோணி முந்தைய நாள் தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். "பஞ்சரானது படிகத்துக்கு எப்படித் தெரியும்?" என்றாள்.

"நான் யாருகிட்டயும் சொல்லல மேடம்" என்றார் ஃபிட்டர்.

கணக்குப் போட்டுப் பார்த்தாள். ஒன்பதுக்கு ஆரம்பித்தால் முப்பத்துநாலாம் டிகிரி பத்து நாற்பதுக்கு வரும். பத்துக்கு ஆரம்பித்தால் இருபத்தெட்டாம் டிகிரி பத்து நாற்பதுக்கு வரும். மேடு கோணத்தில் இல்லை, கடிகாரத்தில் இருக்கிறது.

வியாழக்கிழமை அவள் ஒரு ஸ்டூலைப் போட்டு மெழுகுச் சுவருக்கு எதிரே, குழாய்களுக்குப் பின்னால் மறைந்து உட்கார்ந்தாள். எண்ணும் கருவி சோம்பேறித்தனமாக டிக்... டிக்... என்றது. பத்து முப்பத்தெட்டுக்குத் தாழ்வாரத்தில் கனத்த காலடிச் சத்தம். வந்தவர் ஸ்டோர்ஸ் அதிகாரி. ஆறடி உயரம், அதற்குச் சமமாக அகலம். பட்டப் பெயர் அலமாரி. அந்த மூலைக்கு மேலேதான் குளிர்காற்றுக் குழாயின் வாய் இருந்தது. அலமாரி சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினார், கேரம் பவுடர் போன கட்டிகளின் மேல் முதுகைச் சாய்த்தார், "அப்பாடா" என்றார். கருவி எண்ணெயில் கடுகு போட்டதுபோலப் படபடவென்று பொரிந்தது.

கோணி எழுந்து வந்தாள். "சார், கொஞ்சம் தள்ளிப் போங்களேன்."

அலமாரி தள்ளிப் போனார். டிக்... டிக்...

"இப்போ கொஞ்சம் கிட்ட வாங்க."

கிட்ட வந்தார். படபட.

"தள்ளி."

"என்னம்மா வெளையாட்டு இது? நான் என்ன கதவா?" என்றார் அலமாரி.

"சார், தப்பா நெனைக்காதீங்க. மூணு வாரமா வந்த மேடு நீங்கதான். சுவர்ல இருந்து கசியற நியூட்ரான் உங்க மேல பட்டுத் திரும்பி இந்தக் கருவிக்குள்ள வருது. உங்ககிட்ட ஹைட்ரஜன் நெறைய இருக்கு."

அலமாரியின் முகம் சிவந்தது. "இதோ பாரும்மா. இத்தன வருஷ சர்வீஸ்ல ஸ்டோர்ஸ்லருந்து ஒரு குண்டூசிகூட நான் வீட்டுக்கு எடுத்துட்டுப் போனதில்ல. ஹைட்ரஜன் இருக்குன்னு யார் சொன்னா?"

"சார், உடம்புல சார். உடம்புல இருக்கற தண்ணியில."

"ஒல்லியா இருக்கறவனுக்கு இல்லையா அது?"

ஃபிட்டர் எட்டிப் பார்த்தார். "எனக்கும் இருக்கு சார். கொறச்சலா இருக்கு."

பாதுகாப்பு அதிகாரி வந்து மூன்று பேரையும் நிற்கவைத்துத் திட்டினார். உடம்பில் எவ்வளவு கதிர்வீச்சு பட்டது என்று காட்ட அலமாரியின் சட்டையில் குத்தியிருந்த ஃபிலிம் பேட்ஜைக் கழுவிப் பார்த்ததில் பயப்படும்படி ஒன்றும் இல்லை. ஓட்டையை உடனே மூடினார்கள். வலுவில்லாத கட்டிகளை உடைத்துப் புதிதாக வார்க்கும்வரை ஏழாம் நம்பரைத் திறக்கக் கூடாது என்று உத்தரவு. கேரம் அணி அதற்குப் பிறகு ஜெயிக்கவே இல்லை.

மிச்சம் இருந்தது வெள்ளிக்கிழமை. கூட்டத்தை நிறுத்த முடியவில்லை. முயற்சி சாரிடம் சொல்லப்போனால், அவர் சோர்ந்துபோய், "முயற்சி பண்ணுங்க" என்று பழைய பாட்டுக்கே திரும்பிவிட்டார். கோணி மேடை ஏறினாள். நிமிர்ந்து பார்த்து, "ஒரு படிகத்துக்குள்ள புதுசா ஒண்ணு கண்டுபிடிச்சதா உங்கள வரச் சொன்னாங்க. அது ஸ்டோர்ஸ் அதிகாரி" என்றாள்.

அரங்கம் கூரை அதிரச் சிரித்தது. மூன்றாம் வரிசையில் இருந்த அலமாரி எழுந்து கும்பிட்டார். கோணி பஞ்சரிலிருந்து பவுடர் வரை எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னாள். சிரிப்பு அடங்கியதும் மீசைப் பேராசிரியர் எழுந்தார்.

"இதுக்குத்தான் நாங்க சோதனைக்குப் பக்கத்துல ஹைட்ரஜனே வரவிடறதில்ல. எல்லாப் பக்கமும் இறைச்சு விட்டுடும். குப்பை."

"எவ்வளவு எறைக்கும்?" என்று கேட்டாள் கோணி.

"மத்த அணுக்களவிடப் பல மடங்கு."

"அப்போ அதத்தான் சார் சுலபமாப் பாக்கலாம்" என்றாள். சொன்ன பிறகுதான் சொன்னது என்ன என்று அவளுக்கே உறைத்தது. எக்ஸ்ரேக்கு ஹைட்ரஜன் தெரிவதே கஷ்டம், அவ்வளவு நோஞ்சான். நியூட்ரானுக்கோ அது ஊரைக் கூட்டுகிறது. மூன்று வாரம் படிகம் கொடுக்காத சத்தத்தை அலமாரி பத்து நிமிடத்தில் கொடுத்தார். அதைத் துரத்துவதற்குப் பதிலாக மேசை நடுவில் உட்காரவைத்தால் என்ன?

மீசை சிரித்தது. கோணி அந்தச் சிரிப்பின் கோணத்தை மனதுக்குள் அளந்து வைத்துக்கொண்டாள்.

அடுத்த ஐந்து வருடம் அவள் அம்மோனியம் உப்பு ஒன்றைப் பிடித்துக்கொண்டு தொங்கினாள். அதில் ஒரு நைட்ரஜனைச் சுற்றி நாலு ஹைட்ரஜன். சிதறி வரும் நியூட்ரானின் வேகத்தை அளக்க இன்னொரு சிறிய சுழல் மேசை தேவைப்பட்டது. ஃபிட்டர், "ஓடாது" என்று சொல்லிக்கொண்டே முடிதிருத்தும் கடையிலிருந்து ஒரு பழைய நாற்காலியின் அடிப்பாகத்தைக் கொண்டுவந்தார். உப்பைக் குளிரவைத்தும் சூடாக்கியும் அளந்தாள். உலை நின்ற மாதங்களில் அளந்ததையே திரும்பக் கணக்குப் போட்டாள். மகள் பிறந்தாள், நடந்தாள். பள்ளியில் சேர்ந்தபோது, அம்மாவுக்கு என்ன வேலை என்று டீச்சர் கேட்டதற்கு, "உப்ப மொறச்சுப் பாக்கறது" என்றாள்.

முடிவில் தெரிந்தது இதுதான். அந்த நாலு ஹைட்ரஜனும் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. காரின் பின் சீட்டில் நாலு குழந்தைகள் திடீர் திடீரென்று இடம் மாறி உட்காருமே, அப்படி மாறிக்கொண்டே இருந்தன. வெளியிலிருந்து பார்த்தால் எப்போதும் நாலு தலை, நாலு இடம், ஒன்றும் நடக்காததுபோல இருக்கும். சூடு ஏற ஏற மாறும் வேகம் கூடியது. எத்தனை வேகம் என்று அவள் எண் போட்டுச் சொன்னாள். அந்த உப்பில் அதைச் சொன்ன முதல் ஆள் அவள்தான்.

கட்டுரையின் கடைசியில், இந்த ஆய்வுக்கு வழிகாட்டிய நிறுவன ஸ்டோர்ஸ் அதிகாரிக்கு, அவர் நின்றதற்காக, நன்றி என்று எழுதினாள். பத்திரிகை ஆசிரியரிடமிருந்து கடிதம் வந்தது. கட்டுரை பிரமாதம், ஆனால் ஸ்டோர்ஸ் அதிகாரி என்பது எந்த நிறுவனத்தின் கருவி, அதன் மாடல் நம்பர் என்ன என்று கேட்டிருந்தார். ஃபிட்டர் அந்தக் கடிதத்தை மூன்று முறை படித்தார். அவர் சிரித்ததைக் கோணி பார்த்தது அன்றைக்குத்தான். அலமாரி அந்தப் பக்கத்தைச் சட்டம் போட்டு ஸ்டோர்ஸ் ஜன்னலுக்கு மேலே மாட்டினார். அதற்குப் பிறகு ஏழாம் நம்பர் ஓட்டைக்கு எந்த போல்ட்டும் கேட்ட அன்றே கிடைத்தது.

மீசைப் பேராசிரியர் அடுத்த வருடம் ஒரு டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தார். டப்பாவில் ஹைட்ரஜன் நிறைந்த ஏதோ ஒரு உப்பு. "உங்க ராட்டினத்துல ஒரு தடவ வச்சுப் பாக்கலாமா?" என்றார். கோணி தேதிப் புத்தகத்தைப் புரட்டி, நாலு மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமையைக் கொடுத்தாள். அதற்கு முன்னால் இடம் இல்லை. சிமெண்ட் ஆலைக்காரர்கள் சிமெண்டுக்குள் தண்ணீர் எங்கே போய் ஒளிகிறது என்று கேட்டு வரிசையில் நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் பிளாஸ்டிக்காரர்கள்.

அவள் தலை பாதி நரைத்த பிறகு ஒரு பிஸ்கட் கம்பெனி வந்தது. மழைக்காலத்தில் தங்கள் பிஸ்கட் ஏன் நமுத்துப் போகிறது, தண்ணீர் உள்ளே எந்த வழியாக நுழைகிறது என்று அறிய வேண்டுமாம். மாதிரிக்கு நாற்பது பெட்டி அனுப்பியிருந்தார்கள். சோதனைக்கு வேண்டியது எட்டே எட்டு பிஸ்கட். மிச்சத்தை அலுவலக அறையில் அடுக்கினாள்.

உலை ஓட்டுகிறவர்கள், கணக்கர்கள், பாதுகாப்பு அதிகாரி என்று அந்த அறைக்குத் திடீரென்று ஆட்கள் சந்தேகம் கேட்க வந்தார்கள். எல்லோருக்கும் இயற்பியலில் சந்தேகம். முயற்சி சார் ஓய்வு பெற்றுப் பல வருடம் ஆகியும் பேருந்து ஏறி வந்தார். ஃபிட்டர் ஒன்றைக் கடித்துப் பார்த்து, "விக்காது மேடம்" என்றார். அடுத்ததை எடுத்தார்.

பத்தாம் நாள், இன்னும் நாலு பிஸ்கட் அளக்க வேண்டும் என்று பெட்டியைத் திறந்தால் காகிதம்தான் இருந்தது. கோணி எல்லோரையும் கூப்பிட்டுக் கேட்டாள். வாய் நிறைய மாவோடு யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. தண்ணீர் ஓரத்தில் இருக்கும் சின்ன வெடிப்புகள் வழியாகத்தான் நுழைகிறது என்பது அதற்குள் தெளிவாகியிருந்தது. அதை எழுதினாள், படம் போட்டாள், கையெழுத்திட்டாள். மேற்கொண்டு ஆய்வு தேவையா என்ற கட்டத்தில் சிறிது யோசித்துவிட்டு, "மிகவும் தேவை. மாதிரிகள் தீர்ந்துவிட்டன. இன்னும் நாற்பது பெட்டி அனுப்பவும்" என்று நிரப்பி, தபாலில் சேர்க்கச் சொன்னாள்.